நாற்பத்தைந்து கிலோவும் ஆயிரம் கிலோவும்

ஒன்ராறியோ ஏரியில் பாய்ப்படகுக்காரர்களுக்கு ஆண்டு என்பது ஆறு மாதம்தான். மே மாதத்தையொட்டிப் படகுகள் தண்ணீரில் இறங்கும், அக்டோபரில் கரையேறும். மிச்சக் காலமெல்லாம் தார்ப்பாய் போர்த்துக்கொண்டு கரையில் கிடக்கும். ரொறன்ரோவின் படகுக் கழகங்களில் பாய்மரத்தை ஏற்றவும் இறக்கவும் கிரேன் உண்டு. குறிப்பிட்ட நாளில் வரிசையில் நின்றால் வேலை முடிந்துவிடும்.

வரிசைக்கு வெளியே இருப்பவர்களும் பலர். படகை வீட்டு முற்றத்தில் வைத்திருந்து, ட்ரெய்லரில் இழுத்துவந்து, ஸ்காபரோவின் செங்குத்து மண்மேடுகளுக்கு அடியிலுள்ள புளஃபர்ஸ் பார்க் போன்ற பொதுச் சரிவுகளில் இறக்குபவர்கள் அவர்கள். ஒன்ராறியோ சாலைகளில் ஒரு வாகனத்தின் உயரம் 4.15 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆகவே மரம் படுத்துத்தான் வர வேண்டும், கரையில்தான் எழ வேண்டும். ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய ஜார்ஜ் ஹின்டர்ஹோலர் 1959இல் நயாகரா-ஆன்-த-லேக்கில் உருவாக்கிய 24 அடி 'ஷார்க்' இந்த ஏரிகளில் இன்றும் ஓடுகிறது. அந்த அளவுப் படகுகள்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர்கள்.

தொலைதூரம் போகிறவர்களுக்கும் இதே பாடு உண்டு. ட்ரென்டனிலிருந்து ஜார்ஜியன் விரிகுடாவுக்குச் செல்லும் 386 கிலோமீட்டர் நீள ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் நிலையான பாலங்களின் அடியில் கிடைக்கும் உயரம் 6.7 மீட்டர் அளவுதான். ஓஸ்வீகோ வழியாக ஈரி கால்வாய்க்குள் புகுந்து ஹட்சன் ஆற்றைப் பிடிக்க நினைத்தாலும் தாழ்ந்த பாலங்கள் மறிக்கும். மரத்தை இறக்கி, படகின் மேலேயே கிடத்தி, கால்வாய் முடிந்ததும் மறுபடி நிறுத்த வேண்டும்.

கிரேன் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும். எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்டால், கேள்வியே பிசகு.

வேலை சிறியது, விசை பெரியது

கணக்குக்காக ஒரு படகை வைத்துக்கொள்வோம். பாய்மரம் 9 மீட்டர் உயர அலுமினியக் குழாய். கம்பிகளோடு சேர்த்து எடை 45 கிலோ. ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 4 மீட்டரில் இருக்கிறது. மரம் படகின் கூரைமேல் ஒரு கீலில் நிற்கிறது. படகின் அமரத்தை, அதாவது பின்பக்கத்தை நோக்கி அது சாயும், எழும். அணியமாகிய முன்முனை கீலிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் இருக்கிறது.

படுத்த மரத்தை நிமிர்த்துவது என்றால் 45 கிலோவின் ஈர்ப்பு மையத்தை 4 மீட்டர் உயர்த்துவது. இதற்கு ஆகும் ஆற்றல் சுமார் 1,770 ஜூல். உணவுப் பொட்டலத்தில் அச்சிடும் கணக்கில் அரைக் கலோரிகூட இல்லை. ஆற்றலின் அளவில் பார்த்தால் இது குழந்தை விளையாட்டு. அப்படியிருந்தும் கீல்கள் பிய்கின்றன, மரங்கள் வளைகின்றன, ஆட்கள் அடிபடுகிறார்கள். சிக்கல், அந்தச் சிறு ஆற்றலை எந்தப் புள்ளியில், எந்தத் திசையில் செலுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துலா மிதிப்பவர் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். அவர் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம் மாறுகிறது. அந்தத் தூரம் மாறுவதாலேயே பட்டை கிணற்றுக்குள் இறங்குகிறது, நீரோடு ஏறுகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். நம் பாய்மரம் படுத்திருக்கும்போது அதன் திருப்புத்திறன் 45 × 4, அதாவது 180 கிலோ-மீட்டர். (ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசையை இங்கே ஒரு கிலோ என்றே சொல்வோம்.) இழுக்கும் கயிறு இதே அளவை எதிர்த்திசையில் தர வேண்டும். கயிற்றின் கோட்டுக்கும் கீலுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தூரம் எவ்வளவு என்பதே மொத்தக் கதை.

படுத்த மரம் ஏன் எழ மறுக்கிறது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஃபோர்ஸ்டே எனப்படும் முன்கம்பியை அணியத்தில் நின்று இழுப்பது. மரத்தில் 8 மீட்டர் உயரத்தில் அது கட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவு நீளத்தில் பிடித்து இழுத்தால் எழாமல் போகுமா?

மரம் முழுக்கப் படுத்திருக்கும்போது அந்தக் கம்பி மரத்தோடு ஒட்டி, கீலின் மேலாகவே அணியத்துக்கு வருகிறது. கம்பியின் கோடு அச்சை வெட்டுகிறது, செங்குத்துத் தூரம் பூஜ்யம். எத்தனை பேர் இழுத்தாலும் மரம் எழாது. அத்தனை இழுப்பும் கீலைத்தான் முன்னால் நெட்டும்.

அமரத்தில் ஒரு கவட்டுத் தாங்கி வைத்து மரத்தை 5 பாகை உயர்த்திவிட்டு இழுத்தால்? செங்குத்துத் தூரம் 16 சென்டிமீட்டர். கயிற்றில் தேவைப்படும் விசை 1,100 கிலோ. 15 பாகைக்கு உயர்த்தினால் தூரம் 48 சென்டிமீட்டர், விசை 360 கிலோ. நாற்பத்தைந்து கிலோ மரம் ஆயிரம் கிலோ கேட்கும் இடம் இதுதான். கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் போட்டு இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். வின்ச் அந்த விசையைத் தந்துவிடும். கீலின் திருகுகள் அதைத் தாங்க வேண்டுமே.

ஆள் தோள்கொடுத்து, மரத்துக்கு அடியில் கைகளை உயர்த்தி அமரத்திலிருந்து முன்னோக்கி நடந்து தள்ளும் முறையும் உண்டு. கை கீலைவிட 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், கையில் விழும் சுமை மெல்லக் கூடி, சரியாக 45 பாகையில் உச்சத்தைத் தொடும். அப்போது அது 45 கிலோ. ஒரு திடகாத்திரமான ஆள் தாங்கக்கூடியதுதான். ஆனால் அந்த நொடியில் அவர் ஆடுகிற படகின் கூரையில், கைகளைத் தலைக்குமேல் நீட்டி, காலடியைப் பார்க்க முடியாமல் நிற்கிறார். கால் வழுக்கினால் மரத்தைப் பிடிக்க வேறெதுவும் இல்லை. சிறிய மரங்களுக்கு இது சரி. 9 மீட்டர் மரத்துக்கு இது சூதாட்டம்.

ஒரு கம்பு செய்யும் மாயம்

தீர்வு பழையது, மலிவானது. கீலுக்கு அருகில் இன்னொரு கம்பை நட்டு, மரத்துக்குச் செங்குத்தாக நிறுத்துவார்கள். இதற்கு 'ஜின் போல்' என்று பெயர். பல படகுகளில் பாயின் அடிப்பாகத்தைத் தாங்கும் பூம் என்ற குறுக்குமரமே இந்த வேலைக்கு வந்துவிடும். முன்கம்பியை இந்தக் கம்பின் உச்சியில் கட்டுவார்கள். உச்சியிலிருந்து அணியத்துக்குக் கப்பிக் கயிறு போகும். அணியத்தை நோக்கி இழுத்தால் கம்பு முன்னால் சாயும், அதே கோணத்துக்கு மரம் பின்னாலிருந்து எழும்.

நம் படகில் 2.4 மீட்டர் கம்பு வைத்தால், மரம் படுத்திருக்கும் தொடக்கத்திலேயே கப்பிக் கயிற்றின் செங்குத்துத் தூரம் 1.7 மீட்டர். பூஜ்யம் இருந்த இடத்தில் 1.7. தேவைப்படும் விசை 106 கிலோ. நான்கு மடிப்புக் கப்பி போட்டால் கையில் 27 கிலோ, உராய்வையும் சேர்த்து முப்பது சொச்சம். வின்ச் இல்லாமலே ஒருவர் இழுக்கலாம். இலவசம் எதுவுமில்லை: அணியத்துக்கும் கம்பின் உச்சிக்கும் இடையிலுள்ள 3.4 மீட்டரைச் சுருக்க 13.6 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். கயிறு போதாமல் பாதி வழியில் நிற்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போடாதவர்கள்.

இந்த அமைப்பின் அழகு அடுத்த கட்டத்தில் தெரியும். மரம் எழ எழ அதன் திருப்புத்திறன் குறைகிறது. கம்பு முன்னால் சாயச் சாயக் கயிற்றின் செங்குத்துத் தூரம் கூடுகிறது. இரண்டும் நமக்குச் சாதகம். 45 பாகையில் விசை 57 கிலோவாக இறங்குகிறது, 80 பாகையில் வெறும் 13 கிலோ. கடினமான கட்டம் முதலிலேயே, மரம் தாழ இருக்கும்போதே வந்துபோகிறது. ஏதாவது முறியப்போகிறது என்றால் அப்போதே முறியும், அரை மீட்டர் விழும். அதனால்தான் அனுபவசாலிகள் மரத்தைத் தாங்கியிலிருந்து ஒரு சாண் உயர்த்தியதும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு முடிச்சையும் ஆணியையும் மறுபடி பார்க்கிறார்கள்.

கம்பின் கதியையும் யோசிக்க வேண்டும். கப்பிக் கயிறும் முன்கம்பியும் சேர்ந்து அதைக் கீழ்நோக்கி 97 கிலோவால் அமுக்குகின்றன. நீண்ட ஒல்லித் தண்டு நசுங்கி உடைவதில்லை. திடீரென்று பக்கவாட்டில் வளைந்து மடிந்துவிடும். எந்தச் சுமையில் மடியும் என்பதை லெயொன்ஹார்ட் ஆய்லர் 1744இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய சூத்திரத்தில் போட்டால், 25 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் சுவரும் உள்ள 2.4 மீட்டர் அலுமினியக் குழாய் 92 கிலோவில் மடியும். நம் தேவைக்கு ஐந்து கிலோ குறைவு. விட்டத்தையும் சுவரையும் இரட்டிப்பாக்கினால் தாங்குதிறன் பதினாறு மடங்கு, ஏறக்குறைய 1,480 கிலோ. 'கைக்கு உறுதியாகத் தெரிகிறதே' என்ற தீர்ப்பு இங்கே செல்லாது. மடிகிற குழாய் மடியும் நொடிவரை உறுதியாகத்தான் தெரியும்.

பக்கவாட்டில் காத்திருக்கும் ஆபத்து

முன்னும் பின்னும் மட்டுமே நினைத்தவர்களை மரம் பக்கவாட்டில் வந்து அடிக்கும். நின்ற மரத்தை இருபுறமும் ஷ்ரௌட் எனப்படும் பக்கக் கம்பிகள் பிடித்திருக்கின்றன. அவை கழற்றப்படாமல் அப்படியேதானே இருக்கின்றன, மரம் சாயும்போதும் பிடிக்காதா?

பிடிக்குமா என்பது அவற்றின் கீழ்முனை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுழலும் பொருளையும் சுழற்சி அச்சின் மேலுள்ள ஒரு புள்ளியையும் இணைக்கும் கயிறு, பொருள் எப்படிச் சுழன்றாலும் நீளம் மாறாது. கீழ்முனை கீலின் அச்சுக்கோட்டிலேயே இருந்தால் பக்கக் கம்பிகள் தொடக்கம் முதல் முடிவுவரை இறுக்கமாகவே இருக்கும். நடைமுறையில் மரம் கூரைமேல் நிற்கிறது, பக்கக் கம்பிகள் படகின் விளிம்பில், கூரையைவிடத் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த இறக்கம் 30 சென்டிமீட்டர், விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மரம் படுக்கும்போது கம்பி 29 சென்டிமீட்டர் தளர்ந்துவிடும். அற்பமான தளர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அந்த 29 சென்டிமீட்டர், 8 மீட்டருக்கு அப்பாலுள்ள பிடிப்புள்ளியை 2 மீட்டர் பக்கவாட்டில் போகவிடும். மறுதலையாக, கம்பி மரம் சாயும்போது இறுகுவதுபோல் அமைந்திருந்தால், அது தன் பிடியையே பிடுங்கிவிடும்.

மரம் பக்கவாட்டில் சாய முயலும்போது அந்தச் சுமை கீலுக்குப் போகிறது. தீவுகளுக்குச் செல்லும் ஃபெரி ரொறன்ரோத் துறைமுகத்தைக் கடக்கும்போது எழும் அலை படகை 10 பாகை சாய்த்தது என்போம். பக்கவாட்டுத் திருப்புத்திறன் 31 கிலோ-மீட்டர். கீலின் இரு காதுகளுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு காதிலும் 310 கிலோ. பாய்மரக் கீல்கள் பெரும்பாலும் பிய்வது இப்படித்தான், தூக்கும் விசையால் அல்ல.

இதற்கும் மருந்து வடிவியல்தான். பக்கக் கம்பியில் இடையே ஒரு வளையத்தைப் போட்டு, அதிலிருந்து படகின் விளிம்புக்குக் கயிறுகளை இழுத்துக் கட்டி, வளையம் கீலின் அச்சுக்கோட்டிலேயே நிற்கும்படி செய்வார்கள். அல்லது தற்காலிகப் பக்கக் கயிறுகளுக்கென்றே கீலின் உயரத்தில் பிடிகள் வைப்பார்கள். ஜின் போலுக்கும் இதே நோய் உண்டு, அதுவும் பக்கவாட்டில் விழும். அதைத் தவிர்க்க, ஒற்றைக் கம்புக்குப் பதில் இரு கால்களை விரித்து உச்சியில் இணைத்த ஏ-சட்டத்தைப் பலர் விரும்புகிறார்கள். இரு கால்களும் அச்சுக்கோட்டில் ஊன்றியிருந்தால் சட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முடிந்தவரை தண்ணீரில் அல்லாமல், சமதரையில் ட்ரெய்லரில் வைத்தே மரத்தை நிறுத்துவது இன்னும் நல்லது. தரைக்கு அலை கிடையாது.

இறக்குவது ஏற்றுவதன் மறுதலை அல்ல

விசைகளைத் தாளில் எழுதினால் இறக்குவதும் ஏற்றுவதும் ஒன்றே, வரிசை மட்டும் தலைகீழ். ஆபத்து அந்த வரிசையில் ஒளிந்திருக்கிறது. ஜின் போல் இல்லாமல், முன்கம்பியைக் கழற்றி ஒரு கயிற்றைக் கையில் பிடித்து மரத்தை மெல்ல விடுகிறார் ஒருவர். 80 பாகையில் அவர் கையில் 15 கிலோகூட இல்லை. எளிதுதான் என்று இன்னும் கொஞ்சம் விடுகிறார். 60 பாகையில் 51 கிலோ. 45இல் 92. 30இல் 165. தாங்க முடியாது என்று அவர் உணரும்போது மரம் திரும்பிவரக்கூடிய எல்லையைத் தாண்டியிருக்கும். ஏற்றும்போது கடினம் முன்னால் வந்து எச்சரித்தது. இறக்கும்போது சுலபம் முன்னால் வந்து ஏமாற்றுகிறது.

பிடி நழுவினால் என்ன ஆகும்? நின்ற தண்டு சாயத் தொடங்கினால் சாய்வு சீராகக் கூடுவதில்லை. 9 மீட்டர் தண்டுக்கு முக்கால் நொடிக்கொருமுறை சாய்வு ஏறக்குறைய 2.7 மடங்காகும். ஒரு பாகைச் சாய்வை 'ஒன்றுமில்லை' என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஏறக்குறைய நான்கு நொடியில் எல்லாம் முடிந்திருக்கும். கீலிலேயே பிணைந்து விழும் சீரான தண்டின் நுனி தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர். அதே உயரத்திலிருந்து விழும் கல்லோ மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரையைத் தொடும். தண்டின் நுனி, தடையின்றி விழும் கல்லை முந்திவிடுகிறது! கீழ்ப்பகுதியின் எடையும் சேர்ந்து நுனியைச் சுழற்றி இழுப்பதால் வரும் வேகம் அது. மரத்துக்கு அடியில் யாரும் நிற்கக்கூடாது என்ற விதியின் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன.

ஆகவே முன்கம்பியின் ஆணியை உருவுவதற்கு முன்பே கப்பிக் கயிறு இறுகி, ஜின் போல் சுமையை ஏற்றிருக்க வேண்டும். மரத்தின் உச்சிக்குப் போகும் பாய்க்கயிறு ஒன்றை அணியத்தில் கட்டித் தனிக்காவலாக வைக்க வேண்டும். கப்பிக் கயிறு கையிலிருந்து நேராக ஓடாமல், ஒரு வின்சையோ கட்டையையோ இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட வேண்டும். கையின் பலம் தீர்ந்தாலும் உராய்வின் பலம் தீராது.

மேலே பார்க்க வேண்டிய நேரம்

ட்ரெய்லரில் இருக்கும் படகின் கூரையில் 9 மீட்டர் மரம் நின்றால் அதன் உச்சி தரையிலிருந்து 11 மீட்டருக்கு மேல் போய்விடும். அலுமினியம் நல்ல மின்கடத்தி, பக்கக் கம்பிகளின் எஃகும் அப்படியே. படகுச் சரிவுகளின் அருகிலும் வண்டி நிறுத்தங்களிலும் மின்கம்பிகள் இருக்கலாம். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. உயர்மின்னழுத்தம் காற்றைத் தாண்டிப் பாயும். ஒன்ராறியோவில் வலியுறுத்தப்படும் குறைந்தபட்ச இடைவெளி 3 மீட்டர். மரம் விழக்கூடிய எல்லாத் திசைகளுக்கும் அந்த இடைவெளி வேண்டும். பாய்மரம் மின்கம்பியில் பட்டு நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு, 1980களில் ஹோபி கேட் நிறுவனம் தன் இரட்டைத்தளப் படகுகளின் மரத்து உச்சிப்பகுதியை மின்கடத்தாக் கூட்டுப்பொருளில் செய்யத் தொடங்கியது. மரத்தை நிறுத்திய பிறகு படகை நகர்த்தும்போதும் மேலே ஒரு கண் இருக்க வேண்டும்.

வேறு கடல்கள், வேறு விடைகள்

உயர்ந்த பாய்மரம் என்பது முக்கோணப் பாயை உச்சிவரை விரிக்கும் பெர்முடா அமைப்போடு பரவிய சிக்கல். தமிழ்க் கரைகளின் வள்ளங்கள் அதைப் பிறக்கவே விடவில்லை. மரம் குட்டை, அதில் ஏற்றும் சாய்ந்த பருமல் நீளம். உயரம் தேவைப்படும்போது பருமல் போகும், தேவையில்லாதபோது இறங்கிவிடும். நிரந்தரமாக உயர்ந்து நிற்கும் எதுவும் அங்கே இல்லை.

இங்கிலாந்தின் நார்ஃபோக் நீர்வழிகளில் சரக்கு ஏற்றிய வெர்ரி படகுகள் வேறு வழியைக் கண்டன. வழியெங்கும் பாலங்கள், படகிலோ ஓரிருவர். மரத்தின் அடியைக் கீலுக்குக் கீழேயும் நீட்டி, அதில் பெருமளவு ஈயத்தைக் கட்டினார்கள். ஈர்ப்பு மையம் கீலின் அருகே வந்துவிட்டது. தூரம் ஏறக்குறைய பூஜ்யமானால் திருப்புத்திறனும் பூஜ்யம். அந்தக் கனத்த மரத்தை ஒற்றை ஆள் இறக்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி ஏற்றுவார்.

இப்போது கிரேனுக்கு வருவோம். 45 கிலோவைத் தூக்க ஒரு கிரேனின் பலம் தேவையே இல்லை. கிரேன் தருவது உயரத்தை. அதன் கொக்கி மரத்தின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே பிடிக்கிறது. மேலிருந்து தொங்கும் பொருள் சாய்ந்தால் தானே நேராகும், கீழே ஊன்றிய பொருள் சாய்ந்தால் மேலும் சாயும். கிரேன் இல்லாதபோது நாம் கட்டும் கம்பு, கப்பி, பக்கக் கயிறு எல்லாம் இந்த ஒரு குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே. கூரையைத் துளைத்து உள்ளே இறங்கி, ஏரா என்னும் அடிமரத்தில் நிற்கும் பாய்மரங்களுக்கு இந்த ஈடு செல்லாது. அவை சாயாது, நேராக மேலே உருவித்தான் எடுக்க வேண்டும். அத்தகைய படகை வைத்திருப்பவர் கிரேன் வரிசையில் நிற்பதே புத்திசாலித்தனம்.

மற்றவர்கள் தங்கள் அமைப்பு பாதுகாப்பானதா என்று அறிய ஒரு சோதனை போதும். மரம் 45 பாகையில் நிற்கும்போது, இழுப்பவர் கயிற்றைக் கட்டிவிட்டு, கையை எடுத்து, படகைவிட்டு இறங்கி ஒரு தேநீர் குடித்துவர முடியுமா? முடியும் என்றால் மரத்தைத் தாங்குவது கயிறும் கம்பும் அச்சும். முடியாது என்றால் தாங்குவது ஒரு மனிதனின் முதுகெலும்பு. அப்படியானால் அன்று மரத்தைப் படுக்கவைத்துவிட்டு, கம்பு ஒன்று வாங்கப் போவது நல்லது.